மழை பெய்தால் அப்பளம்

தாராவியில் நாங்கள் குடியிருந்த சந்துக்கு டப்பா சந்து என்று பெயர். பம்பாய் முழுவதும் எண்ணெயும் வனஸ்பதியும் தீர்ந்து தூக்கி எறியப்படும் தகர டின்கள் கடைசியில் அங்கேதான் வந்து விழும். நசுங்கியதை நிமிர்த்துவார்கள். நிமிராததை வெட்டி விரித்து வாளியாகவும் அடுப்பாகவும் அடிப்பார்கள். மில் சங்கு ஊதுவதற்கு முன்பே சுத்தியல்கள் ஆரம்பித்துவிடும். வழி தவறி எங்கள் சந்துக்குள் வந்த காக்கை ஒன்றுக்குக் காது அடைத்துப்போய், தான் கரைவது தனக்கே கேட்காததால் கரைவதையே விட்டுவிட்டது. நம்பாதவர்கள் அந்தக் காக்கையைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்த இரைச்சலுக்கு நடுவே, தகரக் குவியலின் மேல் துண்டை விரித்து மத்தியானத் தூக்கம் போடக்கூடிய ஒரே மனிதர் எங்களுக்கு அடுத்த கோலியில், அதாவது அடுத்த ஒற்றை அறை வீட்டில், குடியிருந்த பிரம்மநாயகம். எதிர்ப்பட்டறையில் அவர்தான் மிஸ்திரி. சுத்தியல்கள் நின்றால்தான் திடுக்கிட்டு எழுந்து, "என்னல, என்ன ஆச்சு?" என்று கேட்பார்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு ஓர் அப்பளம் நொறுங்கினால் ஆகாது.

அப்பளம் மட்டுமில்லை. முறுக்கு, முருங்கைக்காய், ரசம், சாஸரில் ஊற்றி உறிஞ்சும் டீ என்று வாயிலிருந்து வருகிற சத்தம் எதுவும் ஆகாது. பக்கத்தில் யாராவது ஒரு வாய் உறிஞ்சினால் போதும், பிரம்மநாயகத்தின் பிடரி சிவக்கும். தாடை இறுகும். கை தானாக மூடிக்கொள்ளும். அடுத்த வாய்க்குள் மனிதர் எழுந்து போயிருப்பார்.

"எனக்கே வெளங்கலை அண்ணாச்சி" என்று ஒருநாள் குழாயடியில் என்னிடம் சொன்னார். "சுத்தியல் சத்தம் காதுக்குள்ள போவுது, வெளிய வந்துருது. இது காதோட நிக்க மாட்டேங்கு. நெஞ்சுல ஏறி உக்காந்துக்கிடுது. அந்த ஆளை எடுத்து அடிக்கணும்போல வருது. பெத்த பிள்ளை தின்னாலும் அப்பிடித்தான் வருது. தின்னு முடிச்சதும், சே, நான்லாம் ஒரு மனுசனான்னு அழுகை வருது."

ஆகவே அந்த வீட்டில் சோறு சத்தமில்லாமல் உண்ணப்பட்டது. மனைவி செண்பகவல்லி அவருக்குப் பரிமாறிவிட்டு, அவர் பட்டறைக்குப் போன பிறகு சாப்பிடுவாள்; அப்போதும் பழக்கம் விடாமல் சத்தமில்லாமல்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் நகரவில்லை என்றால், அடுப்பு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, உதட்டை ஒட்ட வைத்துக்கொண்டு, கன்னம் அசையாமல் மெல்லுவாள். மகள் கோமதியும் அப்படியே பழகிவிட்டாள். அந்த இரண்டு பெண்களும் சாப்பிடுவதைப் பார்த்தால் சோறு தானாகவே உள்ளே நடந்து போகிறது என்றுதான் தோன்றும். அப்பளத்தைச் சாம்பாரில் ஊறப்போட்டு, துணி மாதிரி ஆன பிறகு மடித்து வாயில் வைப்பார்கள்.

செண்பகவல்லிக்கு அப்பளம் என்றால் உயிர். அதுவும் பொரித்த சூட்டில், கையில் ஒடித்து, நறுக்கென்று.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. கோலிகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் சாலுக்குத் தகரக் கூரை. பம்பாய் மழை அதன்மேல் இறங்கினால் பக்கத்தில் இருப்பவனைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டும். அந்த நேரத்தில் பிரம்மநாயகம் பச்சைக் குழந்தை மாதிரி சாந்தமாகிவிடுவார். மனைவி, மகள் இருவரையும் இரண்டு பக்கமும் உட்கார வைத்துச் சாப்பிடுவார். எதிர்க்கோலி பீவிக்கு மேகம் பார்ப்பதே வேலை.

"ஏளா செண்பகம், மாஹிம் பக்கம் கறுத்துட்டு வருது. சட்டியை வையி!"

முதல் துளி விழும்போது எண்ணெய் காய்ந்திருக்கும். அடைமழையில் அவள் தின்ற அப்பளத்தை அடுக்கினால் குதுப்மினார் அளவுக்கு வரும். மழை விட்டுவிட்டால், கடித்தது கடித்தபடி கையில் நிற்கும். அதைத் தண்ணீரில் நனைத்து விழுங்குவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் கோமதிக்கு மாப்பிள்ளை அமைந்தது. கோவண்டியில் விறகுக்கடை வைத்திருந்த பூலோகத்தின் மகன் நம்பிராஜன். அம்பர்நாத்தில் ஃபாக்டரி வேலை, சிரித்த முகம். கோமதிக்கும் பிடித்துவிட்டது. அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் களைந்த அரிசியையே திரும்பத் திரும்பக் களைந்துகொண்டிருப்பாள்.

சிக்கல் பூலோகத்தின் வாயில் இருந்தது.

தங்கமான மனிதர். ரேஷன் கடையில் அரிசிக்கு வரிசை நின்ற அந்தக் காலத்திலும் அவர் வீட்டுக்குப் போனவன் சாப்பிடாமல் திரும்ப முடியாது. ஆனால் அவர் சாப்பிடுவது ஒரு பொது நிகழ்ச்சி. கோவண்டியில் அவர் ரசம் உறிஞ்சினால் குர்லாவில் சிக்னல் விழும். நண்டை உடைத்தால் தேவ்நார் வரை நாய்கள் எழுந்து நிற்கும். ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் ஒரு 'ஹா', பின்னால் ஒரு 'ம்ம்ம்', நடுவில் நாக்கும் அண்ணமும் சேர்ந்து நடத்தும் ஒரு கச்சேரி.

நிச்சயதார்த்தத்தன்று பூலோகம் சாஸரில் டீயை ஊற்றி ஓர் இழுப்பு இழுத்தார். பிரம்மநாயகத்தின் பிடரியை நான் பார்த்தேன். இரண்டாவது இழுப்பில் அவர் ஆளைக் காணோம்.

"அவுகளுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்லை அண்ணாச்சி" என்றாள் செண்பகவல்லி.

பூலோகம் உண்மையாகவே கவலைப்பட்டார். மறுநாள் ஓமக் கஷாயம் காய்ச்சி அனுப்பினார். அதற்கு மறுநாள் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள்: சம்பந்தி வயிற்றுக்காகப் போகவில்லை, நேராகப் பட்டறைக்குப் போய்த் தகரம் அடித்துக்கொண்டிருந்தார் என்று.

அடுத்த ஞாயிறு பூலோகம் வந்தார். உட்காரவில்லை.

"என்ன வே, வெறகுக்கடைக்காரன் கூட உக்காந்து டீ குடிக்க ஒமக்கு அசிங்கமா இருக்கோ?"

"ஐயையோ, அப்பிடில்லாம் இல்லை சம்பந்தி."

"பொறவு எதுக்கு எந்திரிச்சு ஓடுனீரு? நான் எவங்கிட்டயும் வரதட்சணை, சீர் செனத்தின்னு வாயைத் தொறக்கலை. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கல்யாணத்தன்னைக்குச் சம்பந்தி பந்தியில எனக்குப் பக்கத்து எலையில நீரு உக்காரணும். நான் மோர் குடிச்சுக் கையை எடுக்கிற வரைக்கும் எந்திரிக்கப்பிடாது. எந்திரிச்சீருன்னா, பொண்ணை நீரே வச்சுக்கிடும். நான் எம்மவனைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்."

எங்கள் பக்கத்தில் இது விளையாட்டுப் பேச்சு இல்லை. தாலி கட்டிய கையோடு இரண்டு அப்பன்மாரும் முதல் பந்தியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒருவர் முடிக்குமுன் மற்றவர் எழுந்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். அப்படி எழுந்துபோன குடும்பங்கள் பேரன் பேத்தி எடுத்த பிறகும் பேசாமல் இருந்தது உண்டு.

அவர் போனதும் கோமதி வாயைத் திறந்தாள்.

"யப்பா, அவுககிட்ட உள்ளதைச் சொல்லிருங்களேன்."

"என்னன்னு சொல்ல, ஏட்டி? நீரு தின்னுத சத்தம் கேட்டா ஒம்மக் கொல்லணும்போல இருக்குன்னு சொல்லவா?"

"அதை இவுக எங்கிட்டச் சொன்னப்பவே எனக்கு வெளங்கலை" என்றாள் செண்பகவல்லி. "அந்த மனுசனுக்கு எங்க வெளங்கப்போவுது?"

செம்பூரில் ஒரு காது டாக்டரிடம் போனார்கள். அவர் குழாய் விட்டுப் பார்த்து, கடிகாரத்தைத் தள்ளி வைத்துப் பார்த்து, முதுகில் தட்டிக் கொடுத்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ் காது. பட்டறையில வேலை செய்யறவங்களுக்கு இப்படி இருக்கவே இருக்காது. சத்தம் பிடிக்கலைன்னா பஞ்சு வெச்சுக்கோங்க."

பஞ்சு வைத்தார். சுத்தியல் சத்தம் குறைந்தது. மெல்லுகிற சத்தம் குறையவில்லை. பஞ்சைத் தள்ளிக்கொண்டு வந்தது என்றார். பிறகு மெழுகு. மெழுகுக்கு மேல் மாவு. வீட்டில் யார் கூப்பிட்டாலும் "ஆங்? ஆங்?" என்றார். அடுத்த கோலியில் நான் வேர்க்கடலை தின்றால் மட்டும் நடுவில் இருந்த பலகைச் சுவரைத் தட்டினார்.

கடைசியில் செண்பகவல்லி ஒரு யோசனை செய்தாள். பழக்கிவிடலாம். ஒரு சாயங்காலம் அவரை எதிரில் உட்கார வைத்து, ஒரு தட்டு முறுக்கை மடியில் வைத்துக்கொண்டாள்.

"துண்டைப் பல்லுல கடிச்சுக்கிடுங்க. நான் மெதுவா ஆரம்பிக்கேன். நம்ம மவ மூஞ்சியை மட்டும் நெனைங்க, வேற எதையும் நெனைக்காதிய."

முதல் முறுக்கு. துண்டு கிழிகிற சத்தம் எனக்குக் கேட்டது. இரண்டாவதில் அவர் காலால் தரையை உதைத்தார். மூன்றாவதை அவள் கடித்தாளோ இல்லையோ, தட்டு பறந்து வந்து எங்கள் பலகையில் மோதியது.

"நிறுத்துளா! மாடு அசை போடுத மாதிரி! மனுசிதானா நீ?"

பிறகு முறுக்குத் துண்டுகளைப் பொறுக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவர் குரல், தகரத்தைத் தேய்த்த மாதிரி:

"செண்பகம். நான் வேணும்னு சொல்லலை."

"தெரியும்."

"என்னால முடியலைளா. எம்மவ பந்தியில நான் எந்திரிச்சு ஓடிப்போயிருவேன். எனக்குத் தெரியும்."

"அழாதிய" என்றாள். "கோமதி வாரா. மூஞ்சியத் தொடைங்க."

அன்று அவர் கண்டுபிடித்ததுதான் மழை. கல்யாணத்தை அடைமழைக் காலத்தில் வைத்துவிட்டால்? ஆனி மாசம்தான் முகூர்த்தம் என்று அடம்பிடித்தார். பூலோகம் ஆச்சரியப்பட்டாலும் ஒத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. பிள்ளையார் கோவில் முன்னால் போட்ட பந்தலுக்குத் தார்ப்பாய் வேண்டாம், தகரம்தான் வேண்டும் என்றார். பட்டறை ஆட்கள் பழைய டின்களை வெட்டி விரித்து ஒரு முழுக் கூரை அடித்தார்கள். பம்பாயில் கிடைக்கும் எல்லா எண்ணெய்க் கம்பெனியின் படமும் அந்தக் கூரையில் தலைகீழாக இருந்தது. பிரம்மநாயகம் அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை வீசி, கீழே நின்று கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாருக்கு" என்றார்.

முந்தின நாள் வரை கொட்டிய மழை, கல்யாணத்தன்று விடியும்போது நின்றுவிட்டது. சித்திரை வெயில் மாதிரி ஒரு வெயில்! அந்தத் தகரத்துக்குக் கீழே உட்கார்ந்த ஜனம் பொரிந்தது. வெற்றிலைத் தட்டில் வெற்றிலை வறுபட்டது. பீவி விடிந்ததிலிருந்து மாஹிம் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு பொட்டு இல்லைளா செண்பகம். அல்லா கைவிட்டுட்டான்."

செண்பகவல்லி லேசுப்பட்டவளா? மாதுங்காவிலிருந்து வந்திருந்த தவில்காரரிடம் போய்த் தனியாகப் பேசினாள். தாலி ஏறியது. முதல் பந்தி உட்கார்ந்தது. பூலோகம் நடுவில், பக்கத்து இலையில் பிரம்மநாயகம். இரண்டு பேருக்கும் நேர் பின்னால் தவில்காரர் வந்து அமர்ந்து, கெட்டிமேளத்தை விடாமல் பிடித்தார். இலையில் சோற்றுப் பருக்கைகள் துள்ளின. பூலோகம் பருப்பும் நெய்யும் பிசைந்து வாயில் போட்டது தெரிந்தது, கேட்கவில்லை. பிரம்மநாயகம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் வெயில் நாளில் நான் கண்டதில்லை.

சாம்பார் வந்தபோது பூலோகம் சோற்றுக் கையை உயர்த்தினார்.

"அரே, பந்த் கரோ! நிறுத்தும் வே மேளத்தை!"

தவில் நின்றது. ஊரே நின்றது மாதிரி இருந்தது.

"சாப்பிடையில மேளம் ஆகாது எனக்கு. போங்கப்பா, நீங்களும் கையைக் கழுவிட்டு வந்து உக்காருங்க."

செண்பகவல்லி அப்பள வாளியோடு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பந்தலில் இப்போது ஒரே ஒரு சத்தம்தான். சாம்பார் முடிந்து ரசம் வந்தது. பூலோகம் உள்ளங்கையில் குழி செய்து வாங்கினார். 'ஹா' என்றார். அப்புறம் உறிஞ்சினார்.

அன்று ரயில் இஞ்சின் ஒன்று நீராவி விட்டதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பிரம்மநாயகத்தின் பிடரி சிவந்தது. இடது கை தரையில் ஊன்றியது. முழங்கால் எழும்பியது. எதிரே மணவறைப் பக்கம் கோமதி மாலையோடு நின்றிருந்தாள். கூப்பிடவில்லை, கண்ணீர் விடவில்லை. அப்பனின் முழங்காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பூலோகமும் பார்த்துவிட்டார். ரசம் ஒழுகும் கை அந்தரத்தில் நின்றது.

"என்ன வே. எந்திரிக்கீரோ?"

பிரம்மநாயகம் எழவில்லை. பாய்ந்து பூலோகத்தின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி, எனக்கு வயித்துல ஒண்ணும் இல்லை. ஒம்ம மேல ஒரு கோவமும் இல்லை. நீரு சாப்பிடுத சத்தம் எனக்குத் தாங்கலை."

பந்தியில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

"நான் சத்தம் போடுதேனா?" பூலோகம் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். எல்லாரும் திடீரென்று ஊறுகாயை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஒம்ம சத்தம்னு இல்லை. பெத்த பிள்ளை மென்னாலும் அப்பிடித்தான். மண்டைக்குள்ள ஆணி அடிக்கிற மாதிரி. ஓடிப்போயிருவேன், இல்லைன்னா எதையாவது அடிச்சு ஒடைச்சிருவேன். அன்னைக்கும் அதான் ஓடுனேன். இதை எப்பிடிச் சொல்லணும்னு எனக்குத் தெரியலை. பிள்ளையை மட்டும் தள்ளிராதியும்."

பூலோகம் இடது கையால் தன் மண்டையைத் தொட்டுக் காட்டினார்.

"ஆணியா?"

"ஆணி."

"இப்ப அந்த மேளம் எனக்கு அடிச்ச மாதிரியா?"

பிரம்மநாயகம் தலையை மட்டும் ஆட்டினார்.

"அடப்பாவி மனுசா" என்றார் பூலோகம். "இதை வச்சுக்கிட்டா இம்புட்டு நாளு உசுரோட இருக்கீரு? இரும், இரும். உக்காரும்."

அதற்குப் பிறகு நடந்ததை எந்தச் சர்க்கஸிலும் பார்க்க முடியாது. பூலோகம் சத்தமில்லாமல் சாப்பிட ஆரம்பித்தார். உதட்டைத் தபால் உறை ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டார். பாயசத்தை வாயில் வைத்துக்கொண்டு அது தானாக இறங்கட்டும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார். வியர்வை ஆறாக ஓடியது. அவ்வளவு பெரிய மனிதர் மாமியார் வீட்டில் திருடித் தின்கிறவர் மாதிரி ஒடுங்கிப் போனார். நடுவில் தெரியாமல் ஒரு 'ம்' தப்பிவிட்டது, காதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் பிரம்மநாயகம் பல்லைக் கடித்து, தொடையைக் கிள்ளி, கடைசி மோர் வரை உட்கார்ந்திருந்தார். இருவருமே வயிறாரச் சாப்பிடவில்லை. கை கழுவும்போது கட்டிக்கொண்டு அழுதார்கள். "சம்பந்தின்னா இவருல்லா சம்பந்தி!" என்று ஊரே பூலோகத்தை மெச்சியது.

சாயங்காலம் கோமதியைக் கோவண்டிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினோம். நான் அவர்கள் வாசலுக்கு வெளியே உட்கார்ந்தேன். பந்தலில் மிஞ்சிய அப்பளம் ஒரு கூடை நிறைய, அவர்கள் கோலி நடுவில் இருந்தது. பிரம்மநாயகம் சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"எப்பேர்ப்பட்ட மனுசன்ளா! எனக்காக ஒரு சத்தம் காட்டாம சாப்பிட்டாரு பாத்தியா?"

அவள் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னளா?"

"ஒருவேளை சாப்பிட்டாரு" என்றாள் செண்பகவல்லி. "ஊரே மெச்சுது. நீங்களும் கட்டிப்புடிச்சு அழுதிய. நான் தாலி கட்டி வந்த நாள்லருந்து அப்பிடித்தான திங்கேன். அது ஒருநாளும் உங்களுக்குக் கேக்கலையா?"

அவர் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் கூடையை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டாள். மேலே இருந்த அப்பளத்தை எடுத்தாள். சாம்பாரில் நனைக்கவில்லை. தண்ணீரில் தோய்க்கவில்லை. நடுக் கோலியில், அவரைப் பார்த்தபடி, நறுக்கென்று கடித்தாள்.

முதல் அப்பளத்துக்கு அவர் வாசல் வரை போய் நிலையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவதற்கு நெற்றியை நிலையில் முட்டுக்கொடுத்தார். நிலை ஆடியது. மூன்றாவதை அவள் எடுத்தபோது ஆள் வெளியே பாய்ந்துவிட்டார்.

"போங்க" என்றாள். "போங்க. இதுவும் பழக்கந்தான."

ஆனால் கடிக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்காக அன்று பட்டறைகள் எல்லாம் லீவு. சந்து செத்துக் கிடந்தது. அவர் எதிர்ப்பட்டறைக் கதவைத் தள்ளித் திறப்பதைப் பார்த்தேன். ஒரு டின்னைக் கவிழ்த்துப் போட்டார். சுத்தியலை எடுத்தார். அடித்தார். நிமிர்த்த அடிக்கிற அடி இல்லை அது. நிமிர்ந்திருந்த டின்னை நசுக்குகிற அடி. டின்னுக்கு மேல் டின்னாக, தகரக் கூரையில் மழை இறங்குகிற மாதிரி அடித்தார். சந்து அதிர்ந்தது. எதிர்க்கோலியிலிருந்து பீவி ஓடிவந்து மாஹிம் பக்கம் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை.

செண்பகவல்லி கையிலிருந்த அப்பளத்தைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். கடித்தாள். இன்னொன்றை எடுத்தாள். அவர் ஒரு அடி அடித்தால் அவள் ஒரு கடி கடித்தாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, மெல்லுவதை நிறுத்தவும் இல்லை. கூடை பாதிக்கு வந்தது.

பட்டறையிலிருந்து சுத்தியலுக்கு மேலாக அவர் குரல் கேட்டது. அடித்து அடித்துத் தோள் ஓய்ந்தவரின் குரல்.

"ஏளா! ஆச்சா?"

வாய் நிறைய அப்பளத்தோடு அவள் கத்தினாள்:

"இன்னும் இருக்கு! அடிங்க!"